சிகாகோவில் வழி தெரிந்துகொள்வது: முதலில் எண்ணைக் கேளுங்கள்

வேலைக்காக அடுத்த மாதம் சிகாகோவுக்குக் குடிபோகிறீர்கள் என்றும், ஊரின் பகுதிகள், சாலைகள், அடையாளமான இடங்கள் பற்றி ஒரு தெளிவு வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மேப் பார்த்துப் போவது வேறு, ஊரைத் தெரிந்துகொள்வது வேறு என்று நீங்களே சொல்லியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் நான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வந்த முதல் ஜனவரியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நண்பர் ஒருவர், "வெஸ்டர்ன் ஸ்டேஷனில் இறங்கு, வாசலில் நிற்கிறேன்" என்றார். ப்ளூ லைனில் ஏறி, வெஸ்டர்ன் என்று அறிவித்ததும் இறங்கிவிட்டேன். அரை மணி நேரம் நின்றும் அவர் வரவில்லை. கையுறைக்குள் விரல் இருப்பதே தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது பிரவுன் லைன் வெஸ்டர்ன். சிகாகோவில் வெஸ்டர்ன் என்ற பெயரில் ஐந்து ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ப்ளூ லைனிலேயே இரண்டு, பிரவுன், ஆரஞ்சு, பிங்க் லைன்களில் ஒவ்வொன்று. வெஸ்டர்ன் அவென்யூ ஊரின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை ஏறக்குறைய 24 மைல் ஓடுகிறது. அதைக் கடக்கும் ரயில் பாதைகள் பலவும் அங்கே ஒரு நிலையம் வைத்து அதே பெயரைச் சூட்டிவிட்டன.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், "பெயரைக் கேட்காதே, எண்ணைக் கேள்" என்றார். காபிக் கடைக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து நடுவில் ஒரு சிலுவைக்குறி போட்டார். குறுக்குக் கோடு மேடிசன் தெரு, நெடுக்குக் கோடு ஸ்டேட் தெரு, இரண்டும் வெட்டும் இடம் சுழியம். "ஊர் முழுக்க இங்கிருந்துதான் எண்ணிக்கை. 800 என்றால் ஒரு மைல்." ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் நின்ற வெஸ்டர்ன் நிலையம் வடக்கே 1900-ல், நண்பர் நின்றது 4600-ல். எண்ணைக் கேட்டிருந்தால் மூன்றரை மைல் தள்ளி நிற்கிறோம் என்று அங்கேயே தெரிந்திருக்கும். வெஸ்டர்ன் அவென்யூவிலேயே ஓடும் 49-ஆம் எண் பஸ்ஸில் ஏறிப் போயிருப்பேன். அந்தக் காகிதத்தில் இருந்ததைத்தான் உங்களுக்கும் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

ரிக்லி ஃபீல்டு என்ற புகழ்பெற்ற பேஸ்பால் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-லிருந்து இருக்கிறது. அதன் முகவரி 1060 மேற்கு அடிசன் தெரு. அடிசன் தெருவின் எண் 3600 வடக்கு. அதாவது மேடிசனிலிருந்து வடக்கே நாலரை மைல். 1060 மேற்கு என்பதால் ஸ்டேட் தெருவின் கோட்டிலிருந்து மேற்கே ஒன்றேகால் மைலுக்குச் சற்று மேல். எண் இரட்டைப்படை, அதனால் தெருவின் வடக்குப் பக்கம். சிகாகோவில் வடக்குப் பக்கத்திலும் மேற்குப் பக்கத்திலும் உள்ள கட்டடங்களுக்கு இரட்டைப்படை; தெற்கும் கிழக்கும் ஒற்றைப்படை. ஒரே வரி முகவரியில் தூரம், திசை, தெருவின் எந்தப் பக்கம் எல்லாமே வந்துவிடுகிறது. நூறு எண்ணுக்கு ஒரு பிளாக், ஏறக்குறைய இருநூறு மீட்டர். குளிரில் நடக்கலாமா, பஸ் பிடிக்கலாமா என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் இங்கே முடிவு செய்வோம்.

மைலுக்கு ஒரு பெரிய சாலை வரும். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். வடக்கே சிகாகோ அவென்யூ 800, நார்த் அவென்யூ 1600, ஃபுல்லர்டன் 2400, பெல்மான்ட் 3200, இர்விங் பார்க் 4000, லாரன்ஸ் 4800, பிரின் மார் 5600, டெவான் 6400. மேற்கே ஹால்ஸ்டட் 800, ஆஷ்லண்ட் 1600, வெஸ்டர்ன் 2400, கெட்ஸி 3200, புலாஸ்கி 4000, சிசரோ 4800. பஸ்கள் பெரும்பாலும் இந்தச் சாலைகளில் நேர்கோட்டில்தான் ஓடும். ஆஷ்லண்ட் பஸ் ஆஷ்லண்டில் போகும், பெல்மான்ட் பஸ் பெல்மான்டில் போகும். ரயில் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாப் பாதையும் நகர மையத்துக்கே போவதுபோல் இருக்கும். ஊரைக் குறுக்கே கடக்கப் பஸ்தான் வழி.

தெற்கே தெருக்களுக்குப் பெயரே எண்தான்: 35-ஆவது, 47-ஆவது, 63-ஆவது. 5757 தெற்கு என்றால் 57-க்கும் 58-க்கும் நடுவில். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, இதில் பலரும் தடுமாறுவார்கள். தெற்கே முதல் மூன்று மைலுக்கு மட்டும் 800 கணக்கு இல்லை. முதல் மைல் 12-ஆவது தெருவில், இரண்டாவது 22-இல், மூன்றாவது 31-இல் முடியும். அதற்கப்புறம்தான் எட்டு எட்டாக 39, 47, 55. அதனால் ரிக்லி ஃபீல்டு இருக்கும் 3600 வடக்கும், ஊரின் இன்னொரு பேஸ்பால் மைதானம் இருக்கும் 35-ஆவது தெருவும் எண்ணளவில் அக்கம்பக்கம் என்றாலும், முன்னது நாலரை மைல், பின்னது மூன்றரை மைல்தான். போதாக்குறைக்குச் சில எண்களைப் பெயர்கள் மூடிவிட்டன. 12-ஆவது தெரு இன்றைக்கு ரூஸ்வெல்ட் ரோடு. 22-ஆவது தெரு செர்மாக் ரோடு. செக் நாட்டு வழிவந்த மேயர் ஆன்டன் செர்மாக், 1933-இல் மயாமியில், அதிபராகத் தேர்வாகியிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த துப்பாக்கிச் சூட்டில் குண்டுபட்டு இறந்தார். 39 பெர்ஷிங், 55 கார்ஃபீல்டு. இந்த நான்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஒழுங்கு ஊர் பிறந்தபோதே வந்தது இல்லை. 1889-இல் சிகாகோ தன்னைச் சுற்றியிருந்த பல டவுன்களைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு டவுனும் தன் தெருப் பெயர்களையும் கதவிலக்கங்களையும் கொண்டுவந்தது. ஒரே பெயரில் பல தெருக்கள். எண்கள் ஓரிடத்தில் ஆற்றிலிருந்து தொடங்கும், இன்னோரிடத்தில் ஏரியிலிருந்து. தபால்காரருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். எட்வர்ட் பிரென்னன் என்ற ஒரு தனிமனிதர் 1901-இல் இதற்கு ஒரு திட்டம் எழுதி, வருஷக்கணக்காக நகராட்சியை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1908-இல் சட்டம் நிறைவேறியது, 1909 செப்டம்பரில் புதிய எண்கள் நடைமுறைக்கு வந்தன, நகர மையத்துக்கு 1911-இல். தினமும் லட்சக்கணக்கான பேர் அவர் வகுத்த வழியில் வீடு சேர்கிறார்கள். அவர் பெயர் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஊருக்கு வந்ததும் அந்தச் சுழியப் புள்ளிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். ஸ்டேட்டும் மேடிசனும் சேரும் முக்கில், லூயிஸ் சல்லிவன் வடிவமைத்த பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடம் இருக்கிறது. மூலையில் வளைந்து திரும்பும் வாசலைச் சுற்றி வார்ப்பிரும்பில் கொடியும் இலையுமாக வேலைப்பாடு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கொடிக்குள் இன்னொரு கொடி புகுந்து வெளியே வரும். மக்கள் அதை உரசிக்கொண்டே உள்ளே போய்ச் சோப்பும் சாக்ஸும் வாங்கி வருகிறார்கள்.

இப்போது நேர்கோட்டில் அடங்காத தெருக்கள். மில்வாக்கி, லிங்கன், கிளார்க், ஆர்ச்சர், வின்சென்ஸ் போன்றவை கட்டம் கட்டமான தெருக்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். இவற்றில் பலவும் வெள்ளையர் வந்து நிலத்தைக் கட்டம் போட்டு அளப்பதற்கு முன்பே, பொட்டாவட்டோமி போன்ற பூர்வகுடி மக்கள் நடந்த தடங்கள். சதுப்பு நிலத்தில் சற்று மேடான இடம் பார்த்து நடந்தார்கள், அதனால் பாதை வளைந்தும் சாய்ந்தும் போனது. கட்டம் வந்த பிறகும் அந்தத் தடங்கள் அழியவில்லை. இரண்டு நேர்ச்சாலைகள் கூடும் இடத்தில் சாய்வுச் சாலையும் வந்து சேர்ந்தால் ஆறு முனைச் சந்திப்பு உண்டாகும். நார்த், டேமன், மில்வாக்கி மூன்றும் சேரும் விக்கர் பார்க் சந்திப்பில் முதல்முறை சாலையைக் கடப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று திகைத்துத்தான் நிற்பார். அவசரப்படாமல் சிக்னல் பார்த்துக் கடங்கள்.

திசை குழம்பினால் ஏரியைத் தேடுங்கள். மிச்சிகன் ஏரி எப்போதும் கிழக்கு. கரையிலிருந்து பார்த்தால் மறுகரை தெரியாது. அலையடிக்கும், கடல் என்றே தோன்றும். ஏரிக்கரையோரம் 18 மைலுக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும் இருக்கிறது. இத்தனை பெரிய வணிக நகரத்தில், இத்தனை விலைமதிப்புள்ள கரை பொதுமக்களுக்குத் திறந்து கிடப்பது தானாக நடந்தது இல்லை. 1836-இல் நிலம் விற்பதற்காகப் போட்ட வரைபடத்தில், இந்த இடம் பொது நிலம், எந்தக் கட்டடமும் இல்லாமல் என்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அஞ்சல்வழி வணிகம் செய்த மான்ட்கோமரி வார்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 1890-இலிருந்து இருபது வருஷம் வழக்கு நடத்தினார். அதனால்தான் இன்றைக்கு கிராண்ட் பார்க் இருக்கிறது. 1909-இல் டேனியல் பர்னம் போட்ட நகரத் திட்டமும் ஏரிக்கரை மக்களுக்கே என்றது. கரையோரச் சாலைக்கு 2021-இல் ஷான் பாப்டீஸ்ட் பாய்ன்ட் டுசாபிள் பெயரைச் சேர்த்தார்கள். பூர்வகுடிகள் அல்லாதவர்களில் இங்கே முதன்முதலில் நிலையாகக் குடியேறி வணிகம் செய்தவர் அவர், கறுப்பினத்தவர். பேச்சில் எல்லோருக்கும் அது இன்னும் லேக் ஷோர் டிரைவ்தான்.

பெயர் மாற்றங்களை இந்த ஊர்க்காரர்கள் சுலபமாக ஏற்க மாட்டார்கள். 110 மாடி வில்லிஸ் டவரை இன்னமும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறியது 2009-இல். ஒரு கால் நூற்றாண்டு உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது அது. ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோல அதன் அமைப்பை உருவாக்கிய பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். 1952-இல் மேற்படிப்புக்காக இல்லினாய்ஸ் வந்தவர். வடக்கே, வெளிப்புறத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளோடு நிற்கும் 100 மாடி ஹான்காக் கட்டடத்தின் பொறியாளரும் அவர்தான். 2018-இலிருந்து அந்தக் கட்டடத்துக்கு அதிகாரப்பூர்வமான பெயர் அதன் முகவரியேதான்: 875 வடக்கு மிச்சிகன் அவென்யூ. இப்போது உங்களுக்கே தெரியும், மேடிசனிலிருந்து ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல். அதற்குச் சற்றுத் தெற்கே, சரியாக ஒரு மைலில், சிகாகோ அவென்யூ முக்கில் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் சிறு கோட்டை மாதிரி வாட்டர் டவர். 1869-இல் கட்டியது. 1871 அக்டோபர் 8-ஆம் தேதி இரவு மூண்ட பெருந்தீ நகரத்தை எரித்தபோது தப்பியது. ஏறக்குறைய 300 பேர் இறந்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்த தீ அது. தீ தொடங்கிய டிகோவன் தெரு இடத்தில் இன்றைக்குத் தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சிக் கூடம் நடக்கிறது. அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை யாரும் யோசித்திருக்க முடியாது.

நகர மையத்தை லூப் என்பார்கள். லேக், வாபாஷ், வான் பியூரன், வெல்ஸ் ஆகிய நான்கு தெருக்களுக்கு மேலே இரும்புத் தூண்களில் ரயில் ஒரு வளையமாகச் சுற்றி வருகிறது. 1897-இல் முழுமையான வளையம். ரயிலை எல்லோரும் 'எல்' என்றே சொல்வார்கள். வாபாஷில் நடந்தால் தலைக்கு மேலே ரயில் போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஓஹேர் விமான நிலையத்துக்கு ப்ளூ லைன், மிட்வே விமான நிலையத்துக்கு ஆரஞ்சு லைன். ரெட் லைனும் ப்ளூ லைனும் இரவு முழுக்க ஓடும். வெந்த்ரா கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் பஸ், ரயில் இரண்டுக்கும் ஆகும்.

ஆற்றை ஒட்டிப் போகும் வேக்கர் டிரைவில் மட்டும் நான் சொன்ன கணக்கு உதவாது. ஆறு வளையும்போது தெருவும் வளைவதால் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு வேக்கர் நான்கும் உண்டு. அதிலும் மேல் வேக்கர், கீழ் வேக்கர் என்று அடுக்கு. கீழே இறங்கினால் செல்போன் வரைபடத்துக்கு சிக்னல் கிடைக்காது. நீலப் புள்ளி ஆற்றுக்குள் நிற்கும். வண்டி ஓட்டினால் இறங்குவதற்கு முன்பே எந்தத் தெருவில் மேலேற வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த ஆறும் சாதாரண ஆறு இல்லை. ஏரியில் போய்க் கலந்துகொண்டிருந்த ஆற்றை, குடிநீரில் கழிவு சேர்கிறது என்பதற்காக, 28 மைல் கால்வாய் வெட்டி 1900-இல் எதிர்த்திசையில் ஓட வைத்தார்கள்.

அதற்கு முன்பே, 1850-களிலிருந்து, சேறு தாங்காமல் தெருக்களையே பல அடி உயர்த்தினார்கள். கட்டடங்களைத் திருகாணி ஜாக்கி வைத்துக் கூட்டமாக நின்று மெல்லத் தூக்கினார்கள். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பில்சன் பகுதிக்குப் போங்கள், 18-ஆவது தெரு. பல வீடுகளின் முற்றம் நடைபாதைக்குக் கீழே பள்ளமாக இருக்கும். சின்ன மரப்பாலம் போல ஒரு படிக்கட்டு தெருவிலிருந்து முதல் மாடிக்குப் போகும். பழைய தரைத்தளம் கீழே தங்கிவிட்டது, அதற்கு இறங்கிப் போக வேண்டும். தெரு உயர்ந்தபோது வீட்டைத் தூக்கப் பணம் இல்லாதவர்களின் வீடுகள் அவை. செக் தொழிலாளர்கள் கட்டி, தங்கள் ஊரான பில்சனின் பெயரை வைத்த பகுதி, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மெக்சிகோ வழிவந்தவர்களின் பகுதியானது. சுவரெல்லாம் பெரிய ஓவியங்கள். மெக்சிகன் கலை அருங்காட்சியகம் அங்கேதான், அனுமதி இலவசம். இன்றைக்கு வாடகை ஏறி அவர்களும் விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பகுதிகள் என்று வரும்போது அதிகாரப்பூர்வமாக 77. சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் 1920-களில் 75 பகுதிகளாக வகுத்தார்கள். பிறகு ஓஹேர் சேர்ந்தது. 1980-இல் எட்ஜ்வாட்டர், அப்டவுனிலிருந்து பிரிந்தது. ஆனால் மக்கள் பேசும் பெயர்கள் இவற்றோடு ஒத்துப்போவதில்லை. நம்மவர்களுக்குத் தெரிந்த டெவான் கடைத்தெரு, கணக்குப்படி வெஸ்ட் ரிட்ஜ். அங்கே இருப்பவர்கள் வெஸ்ட் ரோஜர்ஸ் பார்க் என்பார்கள். நம் ஆட்கள் வெறுமனே டெவான் என்பார்கள். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில், 'டெவான்' என்று. இதுபோல கதே என்ற ஜெர்மன் கவிஞரின் பெயரிலுள்ள தெருவை 'கோ-தி' என்கிறார்கள். திருத்தப் போகாதீர்கள்.

டெவானில் வெஸ்டர்ன் முக்கிலிருந்து மேற்கே நடந்தால் புடவைக் கடை, மளிகை, நகைக் கடை, தோசை, ஹலால் இறைச்சி என்று வரிசையாக வரும். அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் பட்டேல் பிரதர்ஸ் 1974-இல் தொடங்கியது இந்தத் தெருவில்தான். தெருப் பலகைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் மரியாதைப் பெயர்கள் மாட்டியிருக்கும். ஒரே சாலையில் காந்தி, ஜின்னா, ஷேக் முஜிபுர் ரஹ்மான், கோல்டா மேயர் நால்வருக்கும் தனித்தனியாகப் பெயர் உண்டு. யூதர்கள் வாழ்ந்த தெருவுக்கு நம் துணைக்கண்டத்தார் வந்த வரலாறு அந்தப் பலகைகளிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தமிழ்க் குடும்பங்களில் பலரும் இன்றைக்கு நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் போன்ற புறநகர்களில்தான் இருக்கிறார்கள். வெங்கடேஸ்வரர் கோயில் அரோராவில், ராமர் கோயில் லெமான்டில். அங்கே கார் இல்லாமல் போவது சிரமம்.

நீங்கள் தனியாக வருவதாகச் சொன்னதால், என் யோசனை: முதல் வருஷம் நகருக்குள்ளேயே 'எல்' நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு பாருங்கள். லிங்கன் ஸ்கொயர், ரோஜர்ஸ் பார்க், எட்ஜ்வாட்டர், லோகன் ஸ்கொயர், ஹைட் பார்க் எல்லாமே பார்க்கத்தக்கவை. பழைய செங்கல் 'டூ ஃப்ளாட்' வீடுகள், அதாவது மாடிக்கு ஒரு குடித்தனம் என்று இரண்டு மாடி, பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வசதியானவை. பின்னால் சந்து இருக்கும். ஊர் முழுக்க ஏறக்குறைய 1,900 மைல் சந்துகள். குப்பைத் தொட்டி, கார் ஷெட் எல்லாம் அங்கே. முன்தெருவில் குப்பை நாறாமல் இருப்பதற்கு அந்தச் சந்துகள்தான் காரணம். கார் வாங்கினால், டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை சில பெரிய சாலைகளில் அதிகாலை 3 முதல் 7 மணி வரை நிறுத்தக் கூடாது, பனி விழுந்தாலும் விழாவிட்டாலும். பலகையைப் பார்த்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலையில் வண்டி இருக்காது. பனியை ஒருவர் வாரி இடம் செய்து நாற்காலி போட்டு வைத்திருந்தால் அந்த இடம் அவருடையது. அதற்கு 'டிப்ஸ்' என்று பெயர். சட்டம் ஒத்துக்கொள்ளாது, ஆனால் தெருவில் எல்லோரும் மதிப்பார்கள். நீங்களும் மதியுங்கள்.

விரைவுச் சாலைகளுக்கு இங்கே எண் சொல்ல மாட்டார்கள், பெயர்தான்: வடமேற்கே கென்னடி, மேற்கே ஐசனோவர், தென்மேற்கே ஸ்டீவன்சன், தெற்கே டான் ரயன். ரேடியோவில் போக்குவரத்துச் செய்தியும் அப்படித்தான் வரும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வந்த வாரத்திலேயே யாராவது உங்களிடம், "சவுத் சைடு பக்கம் போகாதே" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் மூன்று வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டு ரூஸ்வெல்ட்டுக்குத் தெற்கே போகாமல் இருந்தேன். பாதி ஊரை என் வரைபடத்திலிருந்து நானே அழித்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. குற்றம் இல்லை என்று சொல்லவில்லை. எந்த ஊரிலும் போல இங்கேயும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும், அங்கே இருப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் "சவுத் சைடு" என்று ஒட்டுமொத்தமாக ஒரு கோடு கிழிப்பது, இந்த ஊர் தன் கறுப்பின மக்களுக்குச் செய்ததன் தொடர்ச்சி. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி லட்சக்கணக்கானோர் ரயிலேறி இங்கே வந்தார்கள். வீடு வாங்க, வாடகைக்கு எடுக்க அவர்களுக்கு விட்டுவைத்தது ஒரு குறுகிய பட்டை. 1919 ஜூலையில் 29-ஆவது தெருக் கரையருகே, நீரில் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டி மிதந்ததற்காக யூஜீன் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் மேல் கல்லெறிந்தார்கள். அவன் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்கள் அந்தப் பட்டைக்குள் உருவாக்கிய பிரான்ஸ்வில் பகுதி, பத்திரிகையும் இசையும் வணிகமுமாகத் தழைத்தது. பிறகு 1960-களின் தொடக்கத்தில் ஸ்டேட் தெருவோரம் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு என்று 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி, வரிசையாக எழுப்பி ஏழைகளை அடுக்கினார்கள். பக்கத்திலேயே டான் ரயன் விரைவுச் சாலை. 2007-க்குள் கடைசிக் கட்டடத்தையும் இடித்தாகிவிட்டது. இன்றைக்கு ரெட் லைனில் அந்த வழியாகப் போனால் இன்னும் வெற்று நிலங்கள் தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். ஹோவர்டில் ரெட் லைன் ஏறுங்கள், 7600 வடக்கு. கடைசி நிலையமான 95-ஆவது தெரு வரை உட்கார்ந்தே போங்கள். ஏறுபவர்கள், இறங்குபவர்கள் யார் என்று பாருங்கள். ரூஸ்வெல்ட் தாண்டியதும் பெட்டிக்குள் நிறமே மாறிவிடும். எந்த விளக்கமும் அதைப் போலச் சொல்லாது. திரும்பும்போது செர்மாக்கில் இறங்கி சைனா டவுனில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு நாள் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு. 111 தெற்கு மிச்சிகன். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி சர்வசமயப் பேரவை தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அனுப்பி வைத்த விவேகானந்தர் பேசியது இங்கே. வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரில் பழுப்புப் பலகை உண்டு.

அப்புறம் ஹைட் பார்க். நகர மையத்திலிருந்து 6-ஆம் எண் பஸ் போகும். 1893 உலகக் கண்காட்சியின் ஒரு பகுதி நடந்த மிட்வே என்ற நீளமான புல்வெளி 59-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கிறது. உலகின் முதல் ஃபெரிஸ் ராட்டினம், 264 அடி, நின்றது அங்கே. வடக்கே எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிற்கும் இடத்தில்தான் 1942 டிசம்பர் 2-இல் மனிதர் கட்டுப்படுத்தி நடத்திய முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியல் அறிஞர் சந்திரசேகர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர், பல பத்தாண்டுகள் பணியாற்றியது இங்கே இருக்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தில்.

ஆனால் நான் அங்கே போகும்போதெல்லாம் தேடிப் போவது ஹார்ப்பர் நூலகக் கட்டடத்தை. 1962-இல் ஏ.கே. ராமானுஜன் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று இந்தக் கட்டடத்தின் நிலவறை அடுக்குகளுக்குள் போனார். அங்கே உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் கிடைத்தது. சங்கப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கியது அங்கிருந்துதான். புத்தகங்கள் எல்லாம் 1970-இல் திறந்த ரீகன்ஸ்டைன் நூலகத்துக்குப் போய்விட்டன. கட்டடம் அப்படியே இருக்கிறது, சாம்பல் கல்லில், இரண்டு கோபுரங்களோடு. போய்ப் பாருங்கள். முகவரி 1116 கிழக்கு 59-ஆவது தெரு. எவ்வளவு தூரம், தெருவின் எந்தப் பக்கம் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.